விசிலுக்கு முன்பே கிளம்பும் வண்டி: முதுமையில் வரும் சிறுநீர் அவசரம்

எங்கள் பெரியம்மாவுக்கு 74 வயது. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பார். காலையிலிருந்து காபி கூடத் தொட்டிருக்க மாட்டார். பந்தியில் ஓரத்து இலைதான் வேண்டும்; நடுவில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வரமுடியாதே என்ற பயம். சொந்த ஊருக்கு பஸ்ஸில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பெரியப்பா சுகர் என்றார். சித்தி உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். வயசானால் அப்படித்தான், தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சுகர் பார்த்தோம், இல்லை. யூரின் டெஸ்டில் கிருமி இல்லை. கடைசியில் டாக்டர் சொன்ன பெயர் ஓவர் ஆக்டிவ் பிளாடர். புத்தகத் தமிழில் மிகைச்செயல் சிறுநீர்ப்பை. அது வாயில் நுழையாது என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க 'அவசரப் பை' என்றே எழுதுகிறேன்.

இதைப் பற்றி வீடுகளில் பேச்சு நிறைய, விவரம் கொஞ்சம். பேசும்போதும் பாதி சாடை, பாதி கூச்சம். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

டிரைவரும் கண்டக்டரும்

ஒரு டவுன் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருக்கிறார். கண்டக்டர் பார்த்துவிட்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும்.

நம் சிறுநீர்ப்பையும் அப்படித்தான். அதைப் பலர் ஒரு தண்ணீர்த் தொட்டி போல நினைக்கிறார்கள். உண்மையில் அது தசையால் ஆன பை. நிறைய நிறைய விரிந்துகொடுக்கும், காலி செய்யும் நேரத்தில் சுருங்கிப் பிழியும். பையின் சுவரில் இருக்கும் இந்தத் தசையைப் பைத்தசை என்று வைத்துக்கொள்வோம். அதுதான் டிரைவர். மூளையின் முன்பகுதி கண்டக்டர். இரண்டுக்கும் நடுவே செய்தி போய்வரும் கம்பி, முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பு.

சிறுநீரகம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீரை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் "ஏதோ சேர்ந்திருக்கிறது" என்ற முதல் தகவல் மேலே போகிறது. கண்டக்டர் கண்டுகொள்வதில்லை. "இன்னும் இடம் இருக்கு, ஏறுங்க" என்கிறார். பெரியவர்களின் பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். போக வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுக்கிறது. நாம் கதவைச் சாத்தி உட்கார்ந்த பிறகு விசில் கிடைக்கிறது. பைத்தசை சுருங்குகிறது, வாசலில் இருக்கும் தசை தளர்கிறது, வேலை முடிகிறது.

அவசரப் பையில் வண்டி விசிலுக்குக் காத்திருப்பதில்லை. பாதி பஸ் காலியாக இருக்கும்போதே டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுகிறார். 80 மில்லிதான் சேர்ந்திருக்கும். அதற்குள் பைத்தசை தானாகத் துடிக்கிறது. சில பேருக்குத் துடிப்பு இல்லாமலே, கொஞ்சம் நிறைந்ததற்கே "நிறைந்துவிட்டது" என்று தவறான தகவல் மேலே போகிறது. இரண்டிலும் ஆள் உணர்வது ஒன்றுதான்: திடீரென்று, தள்ளிப்போட முடியாத அவசரம். பை சின்னதாகிப் போனதும் இல்லை, அடக்கிப் பழகாததும் இல்லை. சுருங்கும் நேரம்தான் தப்பிப்போகிறது.

வயதானவர்களுக்கு ஏன் அதிகம்? கண்டக்டரின் குரல் தளர்வது ஒரு காரணம். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய் எல்லாம் மூளையின் அந்தத் தடுக்கும் சக்தியைக் குறைக்கின்றன. பைத்தசையும் வயதோடு மாறுகிறது. பல பேருக்கு எந்தக் காரணமும் பிடிபடுவதில்லை. ஆனால் "வயசானா எல்லாருக்கும் வரும்" என்பது சரியில்லை. 80 தாண்டியும் இந்தத் தொல்லை இல்லாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். வந்தவர்களுக்கும் குறைக்க வழி இருக்கிறது.

எது அவசரப் பை, எது இல்லை

அடையாளம் அந்த அவசரம்தான். பெரும்பாலும் பகலில் அடிக்கடி போவதும், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுவதும் கூடவே வரும். சிலருக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் கசிந்துவிடும். இதற்கு அவசரக் கசிவு என்று பெயர். கசிவு இல்லாமலும் அவசரப் பை இருக்கலாம். கிருமித் தொற்றோ வேறு வெளிப்படையான நோயோ இதற்குக் காரணமில்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

இங்கேதான் குழப்பம். "அடிக்கடி யூரின் போகுது" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம்.

ஒன்று, பை நன்றாகவே இருக்கிறது, உற்பத்திதான் அதிகம். கட்டுக்குள் இல்லாத சுகர் இதற்கு நல்ல உதாரணம். சுகருக்குக் கொடுக்கும் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. கூடவே தண்ணீரும் போகும். இதயத்துக்கும் பிரஷருக்கும் தரும் நீர் பிரிக்கும் மாத்திரைகளைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு, பை முழுசாகக் காலியாவதில்லை. ஆண்களுக்கு வயதானால் புராஸ்டேட் சுரப்பி வீங்கிக் குழாயை நெருக்கும். 300 மில்லி உள்ளேயே தங்கிவிட்டால், மேற்கொண்டு 100 மில்லி சேர்ந்ததுமே மறுபடி போக வேண்டியதுதான். முக்கிப் போவது, மெலிந்த தாரை, முடிந்தபின் சொட்டுவது இதெல்லாம் இந்தப் பக்கத்து அறிகுறிகள். கடுமையான மலச்சிக்கலும் பையை நெருக்கும்.

மூன்றாவதுதான் நம்முடைய அவசரப் பை. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசிவது இந்த மூன்றிலும் சேராது. அது வாசல் தசையும் பையை அடியிலிருந்து தாங்கும் தசைகளும் தளர்ந்ததால் வருவது. ஒரே பெண்மணிக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்தால் அது தொற்று. சிறுநீரில் ரத்தம், கால்கள் திடீரென்று வலுவிழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, வயிறு உப்பியும் ஒரு சொட்டுக்கூட வராமல் நின்றுவிடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம்: வயதானவர்களின் யூரின் டெஸ்டில் கடுப்போ காய்ச்சலோ இல்லாமல் சும்மாவே கிருமி தென்படுவது சகஜம். அதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்து அவசரம் போய்விடும் என்று காத்திருப்பது வீண்.

இதுவரை பார்த்தது: அவசரம்தான் அடையாளம், அடிக்கடி போவது மட்டும் போதாது. உற்பத்தி அதிகமா, காலியாகவில்லையா, பை அவசரப்படுகிறதா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நோட்டுப் புத்தகமும் அளவுக் குவளையும்

பிரிப்பதற்குப் பெரிய ஸ்கேன் தேவையில்லை. ஒரு நோட்டும் மில்லி குறித்த பழைய பிளாஸ்டிக் குவளையும் போதும். மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு அளவு, அவசரம் இருந்ததா, கசிந்ததா, என்ன குடித்தார் என்று எழுத வேண்டும். இதைச் சிறுநீர் நாட்குறிப்பு என்கிறார்கள்.

பெரியம்மா முதலில் மறுத்தார். "இதையெல்லாமா அளந்து எழுதுவாங்க?" பேத்தி எழுதிக் கொடுத்தாள். 60, 90, 70, 110 என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான், ஆனால் நாளைக்கு 14 தடவை. இது அவசரப் பையின் கையெழுத்து. இதுவே 350, 400 என்று 10 தடவை வந்திருந்தால் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டும். உற்பத்தியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ராத்திரிக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரி தூங்கும் நேரத்தில் மட்டுமே வந்தால், பையைக் குறை சொல்லிப் பயனில்லை. பகல் முழுக்கக் காலில் இறங்கித் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வருகிறது. அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையால் கால் வீங்குகிறவர்களுக்கும் இது நடக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சுத் திணறி எழுபவர்களுக்கு அந்தத் தூக்கக் கோளாறே ராத்திரிச் சிறுநீரைக் கூட்டும். இப்படிப்பட்டவருக்கு அவசரப் பை மாத்திரை கொடுத்துப் பெரிய பலன் இல்லை.

நாட்குறிப்போடு ஒரு சாதாரண யூரின் டெஸ்ட், சுகர் பரிசோதனை, தேவைப்பட்டால் போய் முடித்தபின் பையில் எவ்வளவு மீதி என்று பார்க்கும் சின்ன ஸ்கேன். பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் இவ்வளவே போதும். அப்புறம், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மறதிக்குத் தரும் டொனெபெசில் மாத்திரையே சிலருக்கு இந்த அவசரத்தைக் கிளப்பும். அது தெரியாமல் அவசரத்துக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தால், ஒன்று இழுப்பதை மற்றொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும் கூத்துதான் நடக்கும்.

தண்ணீரைக் குறைத்தால் சரியாகுமா?

பெரியவர்கள் முதலில் கையிலெடுக்கும் வைத்தியம் இதுதான். எனக்கு இதில்தான் கோபம் வரும், ஏனென்றால் இது நல்லது செய்வதுபோல் காட்டிக் கெடுதல் செய்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி மஞ்சளாகும். அடர்ந்த சிறுநீர் பையின் உள்சுவரை உறுத்தும், அவசரம் கூடும். மலம் இறுகும். வெயில் காலத்தில் எழுந்ததும் தலை சுற்றும், தொற்று வரும் வாய்ப்பும் ஏறும்.

அளவை வெட்டுவதைவிட நேரத்தை மாற்றுவது நல்லது. இதய, சிறுநீரக நோய்க்காக டாக்டர் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அதன்படி. இல்லாதவர்கள் பகலில் தாகத்துக்குத் தக்கபடி குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம். ராத்திரி ரசம், பால், பழம் எல்லாமே நீர்க் கணக்குதான். காபியும் டீயும் தனி. அவற்றில் உள்ள காஃபின் சிறுநீரையும் கூட்டும், பையையும் உசுப்பும். ஒரேயடியாக விடச்சொன்னால் தலைவலிதான் மிச்சம். நாலு டம்ளரை மெல்ல இரண்டாக்கி, சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம் என்று வைக்கலாம்.

கால் வீக்கம் உள்ளவர்கள் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் தலையணைமேல் காலை உயர்த்திப் படுத்தால், ராத்திரி வர வேண்டிய சிறுநீரில் கொஞ்சம் பகலிலேயே போய்விடும். நீர் பிரிக்கும் மாத்திரையின் நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாக மாற்ற வேண்டாம்.

ஓடாதீர்கள், நில்லுங்கள்

கண்டக்டருக்கு மறுபடி அதிகாரம் கொடுப்பதுதான் முதல் சிகிச்சை. அதற்குப் பைப்பயிற்சி என்று பெயர். நாட்குறிப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறார் என்று தெரிந்தால், அங்கிருந்தே தொடங்க வேண்டும். அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கொரு தடவை போவது. ஒரு வாரம் தாங்கினால் 15 நிமிஷம் கூட்டுவது. இப்படியே இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளியை நோக்கி நகர்வது. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். இரண்டே நாளில் "இது வேலைக்காகாது" என்று விடுபவர்கள்தான் அதிகம்.

நடுவில் அவசரம் வந்தால்? எல்லாரும் செய்வது, ஓடுவது. ஓடினால் வயிற்று அழுத்தம் பையின்மேல் விழும். பாத்ரூம் கதவைப் பார்த்ததும் அவசரம் இரட்டிப்பாகும். வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போது திடீரென்று முட்டிக்கொண்டு வருவது இதனால்தான். மூளை அந்த அடையாளங்களை விசிலாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

அதனால் நிற்க வேண்டும், அல்லது நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும். காற்றுப் பிரியாமல் அடக்கும்போது ஒரு தசை உள்ளே இழுபடும் அல்லவா, அதை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கித் தளர்த்த வேண்டும். கயிற்றுக் கட்டில்போல அடியில் பின்னிக் கிடந்து பையையும் குடலையும் தாங்கும் அந்தத் தசைகளுக்கு இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். அவை இறுகும்போது "இப்போது நேரமில்லை" என்ற செய்தி நரம்பு வழியே போய்ப் பைத்தசையின் துடிப்பைத் தணிக்கும். மனசுக்குள் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணலாம். அவசரம் ஓர் அலைபோல உயர்ந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் இறங்கும். இறங்கியபின் சாதாரண நடையில் போக வேண்டும்.

அந்தத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் எழுதி வைத்தார். கீகல் பயிற்சி என்ற பெயர் அவரால் வந்தது. தினமும் மூன்று வேளை, இறுக்கி ஐந்து விநாடி, தளர்த்தி ஐந்து விநாடி, பத்துத் தடவை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையோ பிட்டத்தையோ இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம்.

இதெல்லாம் பாட்டி வைத்தியம்போல் தோன்றலாம். 1998இல் அமெரிக்காவில் 55 முதல் 92 வயது வரையான 197 பெண்களிடம் ஒரு ஒப்பீடு செய்தார்கள். இதுபோன்ற பயிற்சி பெற்றவர்களுக்குக் கசிவு சராசரியாக 81 சதவீதம் குறைந்தது. அவசரத்தைக் குறைக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 69. ஒப்பிடுவதற்காகத் தந்த, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 39. அந்த 39ஐயும் கவனியுங்கள். யாரோ ஒருவர் அக்கறையாகக் கேட்டு, எழுதவைத்து, கவனித்தாலே கொஞ்சம் குறைகிற தொல்லை இது.

உடல் எடை அதிகமுள்ளவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் கசிவு குறையும். மறதி நோய் முற்றியவர்களுக்குப் பைப்பயிற்சி முடியாது. அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "போய்ட்டு வரலாமா?" என்று கேட்டு அழைத்துப்போவதுதான் வழி.

மாத்திரைகள்: இரண்டு குடும்பம்

பயிற்சி போதாதபோது, அல்லது அதோடு சேர்த்து, மாத்திரை. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து பைத்தசையைச் சுருங்கச் சொல்கிறது. இதுதான் ஆக்சிலரேட்டர். முதல் குடும்பத்து மாத்திரைகள் இதைத் தடுக்கின்றன: ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சாலிஃபெனாசின், டாரிஃபெனாசின் முதலியவை.

ஆனால் அசிட்டைல்கோலின் பைக்கு மட்டும் சொந்தமில்லை. எச்சில் சுரக்க, குடல் நகர, மூளையில் ஞாபகம் நிற்க எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். ஆகவே வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கலாகும். வாய் வறண்டால் தண்ணீர் நிறையக் குடிப்பார்கள், மறுபடி அடிக்கடி போவார்கள்! வயதானவர்களுக்கு இன்னும் பெரிய கவலை மூளை. சிலருக்குக் குழப்பம் வரும். இந்த வகை மருந்துகளை வருஷக்கணக்கில் நிறைய எடுத்தவர்களிடம் மறதி நோய் அதிகம் காணப்பட்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. மருந்துதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை, ஆனாலும் முதியோரிடம் யோசித்துக் கொடுக்க இது போதுமான காரணம். ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் சுலபமாக நுழையக்கூடியது என்பதால் அதில் தயக்கம் கூடுதல். தூக்கத்துக்கு, அரிப்புக்கு, மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் இதே தடுப்பு வேலையைச் செய்பவை. எல்லாம் சேர்ந்தால் சுமை ஏறும். குறிப்பிட்ட வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது குடும்பம் பிரேக்கை அழுத்துகிறது. பைத்தசையில் பீட்டா-3 என்ற வரவேற்பி, அதாவது வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடம், இருக்கிறது. அதைத் தூண்டினால் தசை தளர்ந்து கூடுதலாக இடம் கொடுக்கும். மிராபெக்ரான் ஜப்பானில் 2011லும் அமெரிக்காவில் 2012லும் அனுமதி பெற்றது. அதன் தம்பி வைபெக்ரான். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் குறைவு, ஞாபகத்தோடு மோதுவதில்லை. மிராபெக்ரான் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றலாம், அதனால் அவ்வப்போது பார்க்க வேண்டும். 180க்கு 110 என்று கட்டுக்கு மீறிய பிரஷர் உள்ளவர்களுக்குத் தருவதில்லை.

எந்தக் குடும்பமானாலும் பலனை எடைபோட நாலு முதல் எட்டு வாரம் வேண்டும். புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்கு முதலில் குழாய் நெருக்கத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்தைத் தந்து, பையில் மீதி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இவற்றைச் சேர்ப்பது வழக்கம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மாத்திரையை வாங்கிப் போடுவது இந்த விஷயத்தில் ஆபத்து; சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

மாத்திரைக்கு அப்புறம்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, போடாக்ஸ். சுருக்கம் மறையப் போடுகிறார்களே, அதே மருந்துதான். சின்னக் குழாய் வழியே பைத்தசையில் 100 யூனிட் ஊசி போடுவார்கள். பலன் ஆறு மாதம்போல நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். பை அதிகமாகத் தளர்ந்து கொஞ்சநாள் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க நேரலாம், தொற்றும் வரலாம். அதை ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று முன்பே கேட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்று ஆச்சரியமானது. கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசி வைத்து லேசான மின்னதிர்வு கொடுப்பது. பைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? கணுக்காலைக் கடந்து ஓடும் நரம்பும் பையின் நரம்பும் முதுகுத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. வாரம் ஒருமுறை அரை மணி நேரம், 12 வாரம். மூன்றாவது, முதுகின் அடியில் அந்த நரம்பருகே மெல்லிய கம்பியை வைத்து, அதை இயக்கும் சின்னக் கருவியைத் தோலுக்கடியில் பொருத்துவது. அது செலவு பிடித்தது, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

முன்பெல்லாம் படிப்படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்றார்கள். 2024இல் வந்த அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல், நோயாளியும் மருத்துவரும் பேசி அவருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது.

ராத்திரி நடை

அவசரம் வந்தவர் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுகிறார். வழியில் மிதியடி சுருண்டு கிடக்கிறது. பாத்ரூம் தரை ஈரம். வாரம் ஒருமுறையோ அதற்கு மேலோ அவசரக் கசிவு உள்ள வயதான பெண்களுக்குக் கீழே விழும் வாய்ப்பும் எலும்பு முறியும் வாய்ப்பும் கூடுகின்றன என்பது பார்த்தறிந்த உண்மை. பிள்ளைகளால் உடனே செய்ய முடிந்தது இங்கேதான் இருக்கிறது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன விளக்கு, சுவரில் பிடிமானக் கம்பி, முட்டிவலிக்காரர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கட்டிலருகே கமோடு நாற்காலி, நாடா முடிச்சுக்குப் பதில் இலாஸ்டிக் வைத்த பாவாடை. பெரிய டயப்பரைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள். டயப்பர் வெளியூர்ப் பயணத்துக்கு நல்ல துணைதான், ஆனால் அது சிகிச்சை இல்லை.

எதை வைத்து அளப்பது?

டாக்டர் பெரியம்மாவிடம் எத்தனை தடவை என்று கேட்ட பிறகு இன்னொன்றும் கேட்டார்: "இதனால எதையெல்லாம் விட்டுட்டீங்க?" பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கோயில் வரிசை, கல்யாணப் பந்தி, தங்கை வீட்டில் ராத்திரி தங்குவது, ஊர்ப் பயணம். படுக்கை நனைந்துவிட்டால் தங்கையின் மருமகள் என்ன நினைப்பாள் என்பதுதான் பெரிய கவலையாம். அந்தப் பட்டியலில் எது முதலில் வேண்டும் என்று டாக்டர் கேட்டு, ஊர்ப் பயணம் என்று எழுதிக்கொண்டார். இரண்டேகால் மணி நேரப் பாதை. ஆகவே இடைவெளி இலக்கு இரண்டரை மணி நேரம்.

பயிற்சி, காபி குறைப்பு, இரண்டாவது குடும்பத்து மாத்திரை ஒன்று. நாலு மாதம் ஆயிற்று. 14 தடவை 8 ஆகியிருக்கிறது. ராத்திரி இன்னும் ஒருமுறை எழுகிறார், மாதத்தில் ஓரிரு நாள் கசிவும் உண்டு. போன மாதம் ஊருக்கு பஸ்ஸில் போனார். கைப்பையில் ஒரு மாற்றுச் சேலை இருந்தது. நடுவழியில் பஸ் டீக்கடையில் நின்றபோது இறங்கினார். டீ மட்டும் குடிக்கவில்லை.